பாலை நிலத்து நிழல் மரங்களுக்கு எந்தச் சொட்டுநீர் முறை?

பாலைவனத் தட்பவெப்பத்தில் நிழலுக்காகவும் அழகுக்காகவும் மரம் வளர்ப்பவர் சொட்டுநீர் அமைப்பது என்று முடிவு செய்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது என்று நினைப்பதற்கில்லை. சொட்டுநீர் என்பது ஒரே முறையின் பெயரன்று. நீரைச் சொட்டுச் சொட்டாக விடும் சிறு முனைகளாகக் குழாயில் துளையிட்டுச் செருகும் பட்டன் டிரிப்பர்கள், டிரிப்பர்கள் உள்ளேயே பதிக்கப்பட்டு வரும் இன்லைன் குழாயை மரத்தைச் சுற்றி வளையமாக விரிப்பது, வட்டப்பாத்தி கட்டி அதற்குள் நீரைப் பொங்கவிடும் பப்ளர், மண்ணுக்குள் புதைக்கும் குழாய் என்று குறைந்தது நான்கு வழிகள் எதிரே நிற்கின்றன. இவற்றை மணிக்கு எத்தனை லிட்டர் என்ற ஒரே அளவுகோலால் ஒப்பிட்டு வாங்குவதே வழக்கமாக இருக்கிறது. அந்த அளவுகோல் போதாது. ஒவ்வொரு முறையும் மரத்தைச் சுற்றி எவ்வளவு பரப்பு மண்ணை நனைக்கிறது, மரம் வளர வளர அந்தப் பரப்பை எவ்வளவு எளிதாக விரிக்க முடிகிறது என்பதைக் கொண்டே முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

சொட்டுநீரின் வரலாறு ஒரு மரத்தடியில் தொடங்குகிறது. 1930களில் சிம்ஹா பிளாஸ் என்ற நீர்ப் பொறியாளர், கசிந்துகொண்டிருந்த குழாய்க்கு அருகே நின்ற ஒரு மரம் பக்கத்து மரங்களைவிட ஓங்கி வளர்ந்திருந்ததைக் கண்டதாகச் சொல்வார்கள். அந்த எண்ணம் 1965இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஹட்செரிம் என்ற கிபுட்ஸில் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில்) நெட்டாஃபிம் நிறுவனமாக உருவெடுத்தது. ஆனால் அதன் பிறகு இந்தத் தொழில்நுட்பம் வளர்ந்ததெல்லாம் பெரும்பாலும் வரிசைப் பயிர்களையும் பழத்தோட்டங்களையும் நம்பித்தான். காய்கறிச் செடி ஒரு பருவத்தில் முடிந்துவிடுகிறது. அதன் வேர் பரவும் இடம் நட்ட நாளிலேயே தெரியும். நிழல் மரமோ இருபது, முப்பது ஆண்டுகள் நிற்பது. நட்டபோது ஒரு மீட்டர் அகலம் இருந்த கிளைவிரிவு எட்டு மீட்டராக ஆகும்போதும் அதே இரண்டு டிரிப்பர்கள் தண்டை ஒட்டிச் சொட்டிக்கொண்டிருப்பதைத்தான் பல இடங்களில் காண்கிறோம். குறை சொட்டுநீரில் இல்லை. செடிக்கு உரிய அமைப்பை மரத்துக்கும் அப்படியே விட்டுவைத்ததில் இருக்கிறது.

மரத்தின் வேர்கள் பற்றிய இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதியை விளங்கிக்கொள்வது எளிது. முதலாவது, நீரை உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறத்தாழ 60 முதல் 90 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவது, அவை தண்டை ஒட்டி இருப்பதில்லை. கிளைகளின் நுனி தரையில் நிழல் வீழ்த்தும் எல்லையை ஒட்டியும் அதற்கு அப்பாலும் பரவியிருக்கின்றன. ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேர் செழிக்கும் என்பதால், தண்டருகே மட்டும் நனைத்தால் வேரும் அங்கேயே சுருண்டு குறுகிவிடும். அப்படி வளர்ந்த மரம் பார்வைக்குப் பசுமையாகவே இருக்கும். கோடையின் புழுதிப் புயலோ இடிமழைக் காற்றோ வீசும் ஒரு மாலையில், சட்டியில் வைத்த செடிபோல வேரோடு சாய்ந்து கிடக்கும்போதுதான் குறை வெளியே தெரியும்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுவிடுவோம், ஏனெனில் கணக்கு இல்லாத ஒப்பீடு வெறும் விருப்பு வெறுப்பாக முடிந்துவிடும். நன்கு நீர் பாய்ச்சிய புல்தரை ஒன்று மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் ஒரு நாளில் இழக்கும் நீரின் உயரத்தை அடிப்படை அளவாகக் கொள்வது வழக்கம். பாலைவனக் கோடையில் இது நாளுக்கு 8 முதல் 10 மி.மீ. வரை இருக்கும், குளிர்காலத்தில் 2 முதல் 3 மி.மீ. ஆகக் குறையும். 4 மீட்டர் கிளைவிரிவுள்ள மரத்தின் நிழற்பரப்பு ஏறத்தாழ 12.6 சதுர மீட்டர். கோடையில் 9 மி.மீ. என்று வைத்துக்கொண்டு, நடுத்தர நீர்த்தேவையுள்ள மரம் புல்தரையின் தேவையில் பாதியைக் கேட்கும் என்றும், வழியில் பத்தில் ஒரு பங்கு வீணாகும் என்றும் கொண்டால், நாளுக்கு 63 லிட்டர் வருகிறது. வன்னி போன்ற வறட்சிக்குப் பழகிய மரத்துக்குப் பாதி என்பதை 0.3 ஆகக் குறைத்துக்கொள்ளலாம். அப்போது 38 லிட்டர் போதும்.

இனி மண் எவ்வளவு நீரைப் பிடித்துவைக்கும் என்று பார்க்க வேண்டும். மணல் கலந்த இருபொறை மண் ஒரு மீட்டர் ஆழத்தில் செடிக்குக் கிடைக்கக்கூடிய நீராக ஏறத்தாழ 100 மி.மீ. வைத்திருக்கும். வேர் இருக்கும் 75 செ.மீ. ஆழத்துக்கு அது 75 மி.மீ.; அதில் பாதி தீர்ந்ததும் மீண்டும் பாய்ச்சுவது என்றால், ஒரு தடவைக்கு 37 மி.மீ. வரை கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுப்பது வேருக்குக் கீழே இறங்கி வீணாகும். வெறும் மணலாக இருந்தால் இந்த எல்லை இருபது மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும், அங்கே பாய்ச்சும் இடைவெளியும் அந்த விகிதத்தில் சுருங்கும். இந்த 37 மி.மீ. என்ற எல்லையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையையும் உரசிப் பார்க்கலாம்.

பட்டன் டிரிப்பர்

மணிக்கு 2, 4, 8 லிட்டர் என்ற அளவுகளில் கிடைப்பவை இவை. நல்ல மண்ணில் ஒவ்வொரு டிரிப்பரின் கீழும் ஈரம் ஒரு பெரிய வெங்காயத்தின் வடிவில் இறங்கிப் பரவும். மணலில் அது ஒல்லியாக ஆழத்துக்கு ஓடும், களிமண்ணில் அகலமாகப் படர்ந்து மேலேயே நிற்கும். நாம் எடுத்துக்கொண்ட மணல் கலந்த மண்ணில் ஈரவட்டத்தின் குறுக்களவு 90 செ.மீ. என்று கொள்வோம். எட்டு டிரிப்பர்கள் வைத்தாலும் நனையும் பரப்பு 5 சதுர மீட்டரைச் சற்றே தாண்டும், அதாவது நிழற்பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு. வாரத் தேவையான 441 லிட்டரையும் ஒரே நாளில் அந்த ஐந்து சதுர மீட்டரில் விட்டால் 86 மி.மீ. ஆகிறது, மண் தாங்கும் அளவு 37 என்பதால் பாதிக்கு மேல் ஆழத்தில் போய்த் தொலையும். ஆகவே மூன்று நாளுக்கு ஒருமுறை 189 லிட்டர் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். 4 லிட்டர் டிரிப்பர்கள் எட்டு இருந்தால் அதற்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும்.

இந்த முறையின் பலம் அதன் நுணுக்கத்தில் இருக்கிறது. புதிதாக நட்ட கன்றுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்றே சொல்வேன். தொட்டியில் வளர்ந்து வந்த கன்றின் தாய்மண், அதாவது வேரோடு ஒட்டிவரும் மண், பெரும்பாலும் இலேசான கலவையாக இருக்கும். சுற்றியுள்ள நிலத்தின் மண் ஈரமாக இருந்தாலும், அதன் நுண்துளைகள் நீரைத் தம்மிடமே இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், அந்த ஈரம் தாய்மண்ணுக்குள் எளிதாக ஏறாது. நிலம் நனைந்திருக்கக் கன்று வாடும் விந்தை இதனால்தான் நேர்கிறது. முதல் சில மாதங்களுக்கு இரண்டு டிரிப்பர்களைத் தாய்மண்ணின் மீதே வைத்து, மற்றொன்றை அதன் விளிம்புக்குச் சற்று வெளியே வைத்தால் வேர் வெளியே வர வழி கிடைக்கும். பிறகு ஒவ்வொரு பருவத்திலும் வெளிநோக்கி நகர்த்த வேண்டும், எண்ணிக்கையையும் கூட்ட வேண்டும்.

அந்த 'நகர்த்த வேண்டும்' என்ற சொல்லில்தான் இந்த முறை தோற்றுப்போகிறது. நகர்த்துவது ஒரு மரத்துக்குப் பதினைந்து நிமிட வேலைதான். ஆனாலும் யாரும் செய்வதில்லை. டிரிப்பர் வரை நீரைக் கொண்டுபோகும் மெல்லிய மைக்ரோ டியூப் நீண்டுகொண்டே போனால் காலில் தட்டும், வெயிலில் விறைத்து இணைப்பிலிருந்து கழன்றுவிடும், தாகம் கொண்ட எலியும் முயலும் கடித்துவைக்கும். எட்டு டிரிப்பர்களில் இரண்டு அடைத்துக்கொண்டால் நீரில் கால் பங்கு போய்விட்டது என்று பொருள். ஆனால் அதை மரம் சொல்லும்வரை யாரும் கவனிப்பதில்லை, மரமோ மாதம் கழித்துத்தான் சொல்லும்.

இன்லைன் வளையம்

16 மி.மீ. குழாயில் 30, 45, 60 செ.மீ. இடைவெளிகளில் டிரிப்பர்கள் உள்ளேயே பதிந்திருக்கும் இந்தக் குழாயை, தண்டிலிருந்து 1, 1.5, 2 மீட்டர் தூரங்களில் மூன்று வளையங்களாக விரிப்பதாகக் கொள்வோம். மொத்த நீளம் 28 மீட்டர் சொச்சம், 45 செ.மீ. இடைவெளி என்றால் 63 டிரிப்பர்கள். ஒவ்வொன்றும் மணிக்கு 2 லிட்டர் என்றால் மணிக்கு 126 லிட்டர். ஈரவட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, தண்டை ஒட்டிய உலர்ந்த நடுப்பகுதியைத் தவிர நிழற்பரப்பு முழுவதையும் அதன் விளிம்புக்குச் சற்று வெளியேயும் நனைக்கின்றன. வாரத்தின் 441 லிட்டரையும் ஒரே தடவையில் மூன்றரை மணி நேரத்தில் கொடுத்துவிடலாம். பரப்பில் பிரித்தால் அது 31 மி.மீ. மட்டுமே, எல்லைக்கு உள்ளேயே நிற்கிறது.

மூன்று நாளுக்கு ஒருமுறை என்பது ஏழு நாளுக்கு ஒருமுறை என்று ஆவது வெறும் வசதி அல்ல. ஒவ்வொரு தடவை மேற்பரப்பு நனையும்போதும் அந்த மேல் ஈரம் ஆவியாகிப் போகிறது. தடவைகள் குறைந்தால் அந்த இழப்பும் குறையும். மேலாக, மண்ணில் சேமிப்பு அதிகம் இருப்பதால், கோடையின் நடுவில் வால்வு ஒன்று பழுதாகி இரண்டு நாள் யாரும் பார்க்காமல் போனாலும் மரம் தாங்கும். நாள்தோறும் சிறுகச் சிறுக ஊட்டப்படும் மரத்துக்கு அந்த இருப்பு இல்லை. பாலைவனத்தில் நீர் முறை ஒன்றை மதிப்பிட, அது ஒழுங்காக ஓடும் நாளைவிட ஓடாமல் நிற்கும் நாளையே நினைத்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

63 டிரிப்பர்களில் ஐந்து அடைத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பது இன்னொரு அனுகூலம். மரம் வளரும்போது வெளியே ஒரு வளையத்தைச் சேர்த்து, உள் வளையத்தை நீக்கிவிட வேண்டும். நீக்குவது முக்கியம்: சிறு மரத்தைச் சுற்றி இறுக்கமாகப் போட்ட வளையம் மறந்துபோய், தண்டு பருத்து அதை விழுங்கும் நிலை வரக்கூடாது. தனித்தனி வளையங்களுக்குப் பதிலாகத் தண்டிலிருந்து 40, 50 செ.மீ. விலகித் தொடங்கும் ஒரே சுருளாக விரித்தால், நுனியை அவிழ்த்து நீட்டிக்கொண்டே போகலாம்; இணைப்புகளும் குறையும்.

குறைகளும் உண்டு. குழாய் நீளம் அதிகம் என்பதால் முதற்செலவு பட்டன் டிரிப்பரைவிடக் கூடும். நீரோட்டத் தேவையும் கூடும்: சாதாரண 16 மி.மீ. குழாய் ஒன்றில் ஒரே ஓட்டத்தில் 60 மீட்டர் நீளம், மணிக்கு 750 லிட்டர் என்ற எல்லைகளைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இந்த வளைய முறையில் ஆறு மரங்களிலேயே அந்த 750 லிட்டர் எல்லை வந்துவிடுகிறது. எட்டு டிரிப்பர் முறையில் அதே குழாய் இருபத்து மூன்று மரங்களுக்கு நீர் தந்திருக்கும். ஆகவே 25 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கிளைக் குழாயிலிருந்து ஒவ்வொரு மரத்துக்கும் தனியாக இழுப்பதே முறை. சரிவான இடத்தில் அழுத்தத்தை ஈடுசெய்யும் வகைக் குழாயையே வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மேட்டில் இருக்கும் மரத்தின் பங்கையும் தாழ்விலுள்ள மரம் குடித்துவிடும்.

பப்ளரும் வட்டப்பாத்தியும்

பப்ளரைச் சொட்டுநீர் என்று சொல்வது கண்டிப்பாகப் பார்த்தால் சரியில்லை. நிமிடத்துக்கு 2 முதல் 4 லிட்டர் வரை விடும் சிறு ஊற்று அது. ஆனாலும் அதே வால்விலும் டைமரிலும் இயங்குவதாலும், சொட்டுநீர் அமைக்கப்போகிறவர் நியாயமாகவே இதையும் எண்ணிப்பார்ப்பதாலும் ஒப்பீட்டில் விட்டுவிட முடியாது. நிமிடத்துக்கு 2 லிட்டர் விடும் இரண்டு பப்ளர்கள் நம் மரத்தின் வாரத் தேவையை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடும்.

எல்லாம் பாத்தியின் அகலத்தைப் பொறுத்தது. நிழற்பரப்பு முழுவதையும் சேர்த்து 4 மீட்டர் குறுக்களவில் சமதளமாகப் பாத்தி அமைத்தால் 441 லிட்டர் அதில் 35 மி.மீ. உயரமே நிற்கும், வட்டமாக, சீராக, ஆழமாக நனைப்பதில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் வழக்கமாகக் கட்டப்படுவது ஒன்றரை மீட்டர் பாத்தி. அதில் அதே நீர், ஊறுவதைக் கணக்கில் கொள்ளாவிட்டால், கால் மீட்டர் உயரம் எழும். கரை உடைத்து ஓடும், அல்லது வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கும். பாத்தியை மரத்தோடு சேர்த்து அகலப்படுத்த மண்வெட்டி எடுக்கத் தயாராக இல்லாதவருக்கு இந்த முறை பட்டன் டிரிப்பரின் அதே குறையைப் பெரிய அளவில் செய்கிறது. தண்டைச் சுற்றி நீர் நிற்பதும் நல்லதன்று. பாத்தியின் நடுவை மேடாக்கித் தண்டடி உலர்ந்திருக்கும்படி அமைக்க வேண்டும்.

பப்ளருக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியது இரண்டு. அதன் துளை பெரியது. சுண்ணாம்பு மிகுந்த கடின நீரிலும் மணல் கலந்த நீரிலும் எளிதில் அடைக்காது. வேலை செய்கிறதா இல்லையா என்பது நடந்து போகிறவர் கண்ணுக்கே தெரியும். பேரீச்சை போன்ற பனை இனங்களுக்கு இது மிகவும் ஏற்றது. அவற்றின் வேர்கள் பருத்த கிளைவேர்களாக ஓடாமல், தண்டின் அடியிலிருந்து நார்போல் கூட்டமாகப் புறப்படுகின்றன. பாத்தி ஒன்றை நிறைத்து ஆழமாக ஊறவிடுவது அவ்வமைப்போடு இசைகிறது.

புதைக்கும் குழாய், செங்குத்துக் குழாய், தெளிப்பான்

இன்லைன் குழாயையே 10, 15 செ.மீ. ஆழத்தில் புதைப்பது பார்வைக்குச் சுத்தம். வெயில் குழாயைத் தொடாது, மேற்பரப்பில் ஆவியாதலும் குறைவு. பொது இடங்களில் கைபடாமல் காக்கவும், சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்தும் இடங்களிலும் இதற்கு நியாயம் உண்டு. மரங்களைப் பொறுத்தவரை என் தயக்கம் வேர் பற்றியது. ஈரத்தைத் தேடும் வேர்நுனி டிரிப்பரின் வாய்க்குள்ளேயே புகுந்துவிடும். அதைத் தடுக்கும் மருந்தோ செம்போ சேர்த்த குழாய்கள் கிடைத்தாலும் முழுப் பாதுகாப்பு என்று நம்பிவிட முடியாது. எது அடைத்தது, எது உடைந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது. மரம் வளரும்போது வளையத்தை நகர்த்த வேண்டும் என்ற நம் அடிப்படைத் தேவைக்கும் இது நேர் எதிர். குழாயை மண்ணில் புதைக்காமல், மண்ணின் மேல் வைத்து 5 முதல் 8 செ.மீ. மூடாக்கால் மூடினால் புதைப்பதன் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. மரத்தூளோ சிறு கல்லோ எதுவாயினும் தண்டைத் தொடாமல் இருக்க வேண்டும்.

துளையிட்ட குழாயைச் செங்குத்தாக 60, 90 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி அதற்குள் நீர் விடும் முறை, ஆழ்வேரை வளர்க்கும் என்ற நம்பிக்கையால் விரும்பப்படுகிறது. உறிஞ்சும் வேர்கள் மேலே இருக்க நீரை அவற்றுக்குக் கீழே கொண்டுபோய் விடுவது, அதுவும் மணலில், வீண் செலவாகவே எனக்குப் படுகிறது. நடைபாதைக் கற்களுக்கு நடுவே, மேலிருந்து நீர் இறங்க வழியே இல்லாத இறுகிய மண்ணில் மட்டும் இதை ஏற்கலாம். சிறு தெளிப்பான்களைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை: வறண்ட காற்றில் நீர் காற்றோடு போகிறது, உப்பு நீராக இருந்தால் இலையைக் கருக்குகிறது.

உப்பு

பாலைவனத்தில் எந்த முறையைத் தேர்ந்தாலும் உப்பு கூடவே வரும். ஆண்டு மழை 250 மி.மீ.க்கும் குறைவான நிலத்தில் உப்பைக் கழுவிக் கீழே தள்ள மழை போதாது. பாய்ச்சும் நீரில் உள்ள உப்பு முழுவதும் மண்ணிலேயே தங்குகிறது. டிரிப்பரின் கீழ் உப்பு ஈரப்பகுதியின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு வெள்ளைப் பொருக்காகப் படியும். ஈரவட்டம் சிறியதாக இருந்தால் அந்த உப்பு விளிம்பு வேர்களுக்கு நடுவேயே அமைந்துவிடுகிறது. பெரியதாக இருந்தால் வேர்க்கூட்டத்துக்கு வெளியே போகிறது. பட்டன் டிரிப்பருக்கும் வளையத்துக்கும் இடையில் கூர்மையான வேறுபாடு இங்கேதான். புதைத்த குழாயில், மேல்நோக்கி ஏறும் ஈரம் உப்பையும் ஏற்றிக் கொண்டுபோய்க் குழாய்க்கு மேலே குவிக்கும்.

நீரின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 3ஐத் தாண்டினால் கடும் கட்டுப்பாடு வேண்டும். இடைப்பட்ட நீருக்குக் கூடுதலாக எவ்வளவு பாய்ச்சி உப்பைக் கழுவ வேண்டும் என்பதற்கு ஓர் எளிய வாய்பாடு உண்டு: நீரின் உப்பளவை, மரம் தாங்கும் மண் உப்பளவின் ஐந்து மடங்கிலிருந்து நீரின் உப்பளவைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். நீர் 1.5, பேரீச்சை தாங்குவது 4 என்றால், 1.5ஐ 18.5ஆல் வகுக்க 8 விழுக்காடு வருகிறது. அந்த அளவு கூடுதலாகப் பாய்ச்சினால் போதும். தூறல் மழை பெய்யும்போது டைமரை நிறுத்துவது இயல்பான சிக்கனமாகத் தோன்றும். ஆனால் சிறு தூறல் மேல்மண்ணின் விளிம்பு உப்பைக் கரைத்து வேருக்கே கொண்டுவந்து சேர்க்கும். அந்த நேரத்தில் சொட்டுநீரை ஓடவிடுவதுதான் பாதுகாப்பு. முதிர்ந்த இலைகளின் விளிம்பு பழுப்பேறிக் கருகுவதைக் கண்டால், நீர் குறைவு என்று முடிவு கட்டி டைமரில் தினமும் பத்து நிமிடம் கூட்டுகிறவர்கள் உண்டு. உப்பு மிகுந்ததன் அடையாளமாக அது இருந்தால், அந்தப் பத்து நிமிடம் மேலும் உப்பைத்தான் சேர்க்கும்; மாதத்தில் ஒருமுறை நீண்ட நேரம் பாய்ச்சிக் கீழே தள்ளுவதே தீர்வு.

முடிவெடுக்கும்போது

முறை எதுவானாலும் மரங்களுக்கென்று தனி வால்வு வேண்டும் என்பதில் சமரசம் இல்லை. பூச்செடி அடிக்கடி, 30 செ.மீ. ஆழம் கேட்கிறது, மரம் எப்போதாவது, 75 செ.மீ. ஆழம் கேட்கிறது. இரண்டையும் ஒரே வால்வில் கட்டினால் மரத்துக்கு நாள்தோறும் நாக்கு நனையும் அளவு நீர் கிடைக்கும், அல்லது செடி அழுகும். மரத்தின் பக்கத்தில் டிரிப்பர் எண்ணிக்கையைக் கூட்டிச் சரிக்கட்டலாம் என்பார்கள். அது அளவைச் சரிசெய்யுமே தவிர இடைவெளியைச் சரிசெய்யாது. வால்வுக்குப் பின் 130 மைக்ரான் வடிகட்டி, அழுத்தத்தை 1.5 முதல் 2 பார் வரை இறக்கும் சீராக்கி, குழாயின் கடைசியில் அதைக் கழுவுவதற்குத் திறந்துவிடும் மூடி ஆகியவை எந்த முறைக்கும் பொது. பப்ளருக்கு மட்டும் வடிகட்டியில் சற்றுத் தளர்வு காட்டலாம்.

இதையெல்லாம் வைத்து நான் தேர்வு செய்வது இப்படி இருக்கும். நடும் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் பட்டன் டிரிப்பர். ஆனால் அதைத் தாங்கும் கிளைக் குழாயை முதல் நாளே பிற்கால வளையத்துக்கு ஏற்ற அளவில் போட்டுவிட வேண்டும். மூன்றாம் ஆண்டு முதல், கூட்டமாகவோ வரிசையாகவோ நிற்கும் வேம்பு, வன்னி போன்ற மரங்களுக்கு மூடாக்கின் கீழ் இன்லைன் சுருள். கடின நீர் மட்டுமே கிடைத்து வடிகட்டியைக் கவனிக்க ஆள் இல்லாத இடத்திலும், சமதளத்தில் தனியே நிற்கும் பெரிய மரத்துக்கும், பேரீச்சைக்கும் அகலமான பாத்தியோடு பப்ளர். களிமண்ணில் பப்ளரைத் தவிர்ப்பேன். அங்கே மணிக்கு 1 லிட்டர் டிரிப்பர்கள் உள்ள இன்லைன் குழாயே மண்ணின் வேகத்துக்கு இணங்கும். மண்ணுக்கடியில் சுக்கான் படலம் (சுண்ணாம்பு பாறைபோல் இறுகிய அடுக்கு) இருக்கும் நிலத்தில், பாறையைத் தாண்டி நீர் இறங்காது என்பதால், ஆழத்தை நம்பாமல் வளையத்தை இன்னும் அகலமாக விரிப்பேன். நீர் தேங்காமல் இருக்க ஒரு தடவை அளவையும் குறைப்பேன்.

பருவம் மாறும்போது ஓடும் நேரத்தைத் தொடக்கூடாது, இடைவெளியைத்தான் மாற்ற வேண்டும். நம் மரத்துக்குக் குளிர்காலத்தில் நாளுக்கு 17, 18 லிட்டரே தேவை. அப்போதும் அதே மூன்றரை மணி நேரம், அதே 441 லிட்டர். ஆனால் ஏழு நாளுக்குப் பதில் இருபத்தைந்து நாளுக்கு ஒருமுறை. எட்டு டிரிப்பர் முறையில் அதே கணக்கு பதினோரு நாளுக்கு ஒருமுறை என்று வரும். நேரத்தைக் குறைத்து இடைவெளியை அப்படியே விட்டால் ஈரம் மேல் 20 செ.மீ.யிலேயே நின்றுவிடும், வேரும் மேலே வந்துவிடும். கணக்கு சரியா என்பதை 10 மி.மீ. தடிமனுள்ள இரும்புக் கம்பி ஒன்று சொல்லிவிடும். பாய்ச்சிய மறுநாள் ஈரப்பகுதியில் கையால் அழுத்தினால் நனைந்த மண்ணில் வழுக்கிக்கொண்டு இறங்கும், உலர்ந்த இடத்தில் நின்றுவிடும். 75 செ.மீ.க்கு முன்னால் நின்றால் நேரத்தைக் கூட்டவும், தடையில்லாமல் அதற்கும் கீழே போனால் குறைக்கவும் வேண்டும். தண்டருகே, நிழலின் நடுவே, நிழல் விளிம்பில் என்று மூன்று இடங்களில் குத்திப் பார்ப்பது நல்லது.

ஏற்கெனவே தண்டடியில் இரண்டு டிரிப்பர்களோடு பத்து ஆண்டு வளர்ந்துவிட்ட மரம் இருந்தால், அவற்றை ஒரே நாளில் பிடுங்கி இரண்டு மீட்டர் தள்ளி வளையம் போடக்கூடாது. அங்கே இன்னும் வேரே இல்லை. பழையவற்றை ஓடவிட்டபடியே, அவற்றின் ஈரவட்ட விளிம்பைத் தொடும் தூரத்தில் முதல் வளையத்தைக் குளிர்காலத் தொடக்கத்தில் சேர்க்க வேண்டும். கோடைக்கு முன் அதற்கு வெளியே இரண்டாவதைச் சேர்த்து, வேர் எட்டிப் பிடித்ததை அந்த இடத்தில் சிறிது தோண்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு, அடுத்த குளிர்காலத்தில் தண்டடி டிரிப்பர்களை மூடிவிடலாம். அந்த இடைக்காலத்தில் மரம் பழைய கிளைகள் சிலவற்றை உதிர்க்கக்கூடும்; அப்போது கிளை வெட்டி வடிவம் திருத்தும் வேலையை ஓராண்டு தள்ளிவைத்து, இலைகளை மரத்திலேயே விட்டுவைக்க வேண்டும்.